யாருடன் இருக்க விருப்பம்?

சென்ற மாதம் நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து பள்ளி மாணவி ஒருத்தி இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அப்பியாசப் புத்தகத்தின் நடுத்தாளைக் கழற்றி, இரு பக்கமும் கோடு தவறாமல் எழுதிய கடிதம். அவளுடைய தாயும் தந்தையும் பிரிந்து வாழ்வதென்று தீர்மானித்துவிட்டனர். தாய் தன் பெற்றார் வீட்டிற்குப் போய்விட்டாள். தந்தை இருந்த வீட்டிலேயே இருக்கிறார். வருகின்ற உறவினர் யாவரும் இவளைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கின்றனராம்: யாருடன் இருக்க விருப்பம்? தாயைச் சொன்னால் தந்தை உண்ணாமற் படுத்துவிடுவார். தந்தையைச் சொன்னால் தாய் அழுவாள். தம்பி சிறுவன், அக்காள் போகிற இடத்துக்குத் தானும் போவதாகச் சொல்லிவிட்டான். ஆகையால் இருவருக்குமான விடையை அவள் ஒருத்தியே சொல்லவேண்டியிருக்கிறது. தான் என்ன சொல்லவேண்டும் என்று எம்மைக் கேட்டிருந்தாள்.

இல்லறச் சிக்கல்கள் பலவற்றுக்கு இப்பகுதியில் நாம் விடை எழுதி வந்திருக்கிறோம். மாமி மருமகள் பிணக்கென்றால் இரண்டு பத்திகளில் ஏதாவது சொல்லிவிடலாம். இக்கடிதத்தை மட்டும் பல நாட்கள் மேசையின் மேலேயே வைத்திருந்தோம். அவளுக்கு விடை தெரியாதது பெரிய காரியமன்று. அக்கேள்வியை அவளிடம் கேட்கவே கூடாது என்பது கேட்பவர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் எம்மை வருத்தியது. கேட்பவர்கள் கொடியவர்களும் அல்லர். சித்தப்பா, பெரியம்மா, அம்மான், பேத்தியார் என அவள்மேல் அன்புடையவர்களே. பிள்ளையின் விருப்பத்தை மதிக்கிறோம் என்ற நினைப்பிலேயே கேட்கின்றனர்.

நெடுங்கேணியை அறியாத வாசகர்களுக்கு அவ்வூரைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சென்று, புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி, காடும் குளமும் வயலும் மாறிமாறி வரும் பாதையிற் போனால் நெடுங்கேணி வரும். வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் அங்கேதான் இருக்கிறது. இன்னும் அப்பால் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. 1997ஆம் ஆண்டு மே மாதம் 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை தொடங்கியபோது ஊரே இடம்பெயர்ந்தது. 1999இன் பிற்பகுதியில் போர்முனை திரும்பவும் இடம் மாறியது. பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளின் பேரிடர். அதன்பின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவதை ஒரே வாழ்நாளில் இரண்டு மூன்று முறை செய்தவர்கள் அப்பகுதி மக்கள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006 தொடக்கம் 2009 வரையான ஆண்டுகளில் வன்னியில் நடந்த விவாகங்களுள் பல, பொருத்தம் பார்த்தோ மனம் அறிந்தோ செய்யப்பட்டவையல்ல. பிள்ளையைப் போருக்குச் சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், கழுத்தில் தாலி ஏறினால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கட்டிவைத்தவை. பதிவுக்காரரிடம் போக வழியில்லை. சிலவற்றிற்குச் சாட்சியாக நின்றவர்களும் இன்று உயிரோடில்லை. பதுங்கு குழிக்குள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்த அந்த இணைகள், ஷெல் ஓசை ஓய்ந்து, வீடு கட்டி, அடுப்பு மூட்டிய பிறகே ஒருவரை மற்றவர் நிதானமாகப் பார்த்தனர். பார்த்த இடத்தில் சிலருக்கு ஒற்றுமை நிலைத்தது, சிலருக்கு நிலைக்கவில்லை. அவ்விவாகங்களிற் பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்வகுப்புகளில் படிக்கும் பருவத்தினர்.

யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரின் உள்ளத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் கட்டமைப்போடு சேர்த்துக் காயப்படுத்துகிறது என்று 2007இல் வெளிவந்த தம் ஆய்வுரையில் விளக்கினார். கூட்டு மனவடு என்பது அவர் எடுத்தாண்ட கருத்து. நித்திரையில் அலறும் கணவன், சிறு சத்தத்துக்கும் சினங்கொள்ளும் மனைவி, இரவானதும் சாராயத்தை நாடும் வழக்கம் ஆகியவற்றை வெறுங் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்காக, 'போர்தானே காரணம், பொறுத்துப் போ' என்று ஒரு பெண்ணுக்கு உபதேசம் செய்வதும் முறையாகாது. காரணம் அறிவது வேறு, பொறுத்துக் கிடப்பது வேறு.

எம் ஊர்களில் கணவன் மனைவி பிணங்கினால் பெரியோர் கூடிப் பேசும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. கோயில் தருமகர்த்தா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெண்ணின் அம்மான், மாப்பிள்ளையின் பெரியப்பா ஆகியோர் திண்ணையிற் பாய் விரித்து, தேநீர் குடித்து, இருவரையும் கூப்பிட்டு, "குடும்பமெண்டால் நாலும் இருக்கும், பிள்ளை. நாங்கள் பாக்காத சண்டையோ?" என்று தொடங்குவார்கள். கோபத்தில் எழுந்த பிணக்குகள் பல இவ்வாறு தணிந்ததை நாமும் கண்டிருக்கிறோம். அதை இகழ்வது எமது நோக்கமன்று. ஆனால் அந்தத் திண்ணைக்கு ஒரே முடிவுதான் தெரியும்: சேர்த்துவைத்தல். சேர முடியாதவர்கள் வந்தால் அங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு தடவை, மூன்று தடவை சேர்த்துவைப்பார்கள். நான்காந் தடவை பெரியோர் வரமாட்டார்கள். பொலிசார் வருவார்கள், அல்லது பிறேதப் பரிசோதனைக்கு வைத்தியர் வருவார்.

பிரிவதற்கும் ஒரு நடுவர் வேண்டும் என்பது திண்ணைக்குப் புதிய செய்தி. விவாகம் முடிந்துபோகலாம், பெற்றார் என்ற உறவு முடியாது. கணவனும் மனைவியுமாயிருந்த இருவர் அவ்வுறவைக் கழற்றிவைத்துவிட்டுத் தகப்பனும் தாயுமாக மட்டும் இருக்கப் பழகுவது எளிதன்று. அதைப் பழக்குவதற்கென்றே உலகின் பல நாடுகளில் ஒரு தொழில் தோன்றியிருக்கிறது. பாதி உளவளத்துணை, பாதி மத்தியஸ்தம். அமெரிக்காவில் அத்லாந்தா நகரத்து கூக்ளர் என்பவர் சட்டத்தரணி, குடும்ப ஆலோசகருங்கூட. தம் சொந்த விவாகரத்து வழக்கில் பட்ட அல்லலின் பயனாக, நீதிமன்றுக்கு வெளியே நடுவர் ஒருவரின் முன் அமர்ந்து பிரிவுக்கான ஒழுங்குகளைப் பேசி முடிக்கும் முறையொன்றை வகுத்து, 1978இல் அதை நூலாகவும் வெளியிட்டார். பிள்ளைகளின் பொறுப்பைப்பற்றிய பிணக்கானால் நீதிபதியிடம் செல்லுமுன் நடுவரிடம் செல்லவே வேண்டும் என்ற கலிபோர்ணியா மாநிலச் சட்டம் 1981இல் நடைமுறைக்கு வந்தது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு வேர்ஜினியாவில் றொபேட் எமெரி என்ற உளவியற் பேராசிரியர் நடத்திய ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். பிள்ளை யாருக்கு என்று வழக்குப் போட்ட பெற்றாரிற் சிலரைத் திருவுளச்சீட்டு முறையில் தெரிந்து நடுவரிடம் அனுப்பினார். மற்றவர்கள் வழக்கைத் தொடர்ந்தார்கள். நடுவரோடு அமர்ந்தது சராசரி ஐந்தாறு மணி நேரமே. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அக்குடும்பங்களைத் தேடிப் பார்த்தார். வழக்காடிய குடும்பங்களில், பிள்ளையுடன் வாழாத பெற்றாருள் 100க்கு 9 பேரே கிழமைக்கு ஒரு முறையாவது பிள்ளையைச் சென்று கண்டனர். நடுவரிடம் சென்ற குடும்பங்களில் 100க்கு 28 பேர். ஆய்வுக்குட்பட்ட குடும்பங்களின் தொகை சிறிது. அமெரிக்கக் குடும்பம் வேறு, வன்னிக் குடும்பம் வேறு. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஐந்தாறு மணி நேரப் பேச்சு பன்னிரண்டு ஆண்டு நிலைத்திருப்பது அற்ப விஷயமன்று.

எமது நாட்டுச் சட்டமோ இவ்வழியை இலகுவாக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே வகுத்தது: விவாகத்தின் பின் பிறருடன் கூடாவொழுக்கம், வன்மமாய்க் கைவிட்டமை, விவாக வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. இருவரும் மனமொத்து, 'எமக்கு ஒத்துவரவில்லை, பிரிகிறோம்' என்று சொன்னால் அது காரணமாகாது. ஒருவர் குற்றவாளியாக வேண்டும். ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தமையே போதாதா என்ற வினா எழுந்தபோது, 1986இல் உயர் நீதிமன்றம் போதாது என்றே தீர்த்தது. இதே இலங்கையில் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்துக்குட்பட்டவர்கள் பரஸ்பர சம்மதத்தின்மேல் பிரியலாம். மாவட்டப் பதிவாளரே அதை வழங்குவார். இந்தியாவில் இந்து விவாகச் சட்டம் 1976இலேயே பரஸ்பர சம்மதத்துக்கு இடமளித்தது. நெடுங்கேணித் தம்பதிகள் மட்டும் வவுனியா மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழிசுமத்தியே விடுதலை பெறவேண்டியிருக்கிறது.

இதனால் நேர்வது யாதெனில், நேற்றுவரை பேச்சுவார்த்தையிலாவது இருந்தவர்கள் வழக்குப் பத்திரம் கையிற் கிடைத்த அன்றே பகைவராகின்றனர். 'என்னைப்பற்றி இப்படியா எழுதினாய்?' என்ற ஒரு கேள்வியில் எல்லாம் எரிந்துபோகும். அப்புக்காத்துமாரைக் குறைகூறிப் பயனில்லை. சட்டம் கேட்கும் பத்திரத்தைத்தான் அவர்கள் எழுதுகின்றனர். எழுதியதை ஊர் படிக்கிறது. ஊர் படித்ததைப் பள்ளிக்கூடத்திற் பிள்ளை கேட்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவு இல்லையென்றால் விவாகமே இல்லை என்று எண்ணிப் பிரிந்துபோய், வேறு விவாகம் செய்ய முற்படுவோர் வன்னியில் இருக்கின்றனர். வழமைப்படி தாலி கட்டிச் செய்த விவாகத்தை, பதிவில்லாவிட்டாலும், நீதிமன்றம் ஏற்றுக்கொள்வதுண்டு. போர்க்காலத்தில் விடுதலைப்புலிகளின் மன்றுகளில் விவாகரத்துப் பெற்றவர்கள் நிலையும் இத்தகையதே. அத்தீர்ப்புகள் அரச பதிவேட்டில் ஏறவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் தம்பதிகளே. தேசவழமைக்குட்பட்ட மனைவியாயின் துன்பம் இரட்டிப்பு. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதமின்றி அவள் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கைவிட்டுப் போனவனின் கையெழுத்துக்கு ஈடாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்று அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. இதை அறிந்த பெண்கள் எத்தனை பேர்?

மத்தியஸ்த சபை என்றதும் பலருக்கு நம்பிக்கை பிறக்கிறது. 1958இல் இணக்க சபைகள் தோன்றி, 1978இல் கலைக்கப்பட்டன. பின்னர் 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய மத்தியஸ்த சபைகள் வந்தன. ஊர்வழக்கில் அவற்றையும் இணக்க சபை என்போர் உளர். வன்னியில் போருக்குப் பின்னரே அவை வேரூன்றின. பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை மண்டபம் போன்ற பொது இடமொன்றில் கூடும். கட்டணம் இல்லை, சட்டத்தரணி இல்லை. இருதரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தலைவராகச் சேர்த்துக்கொள்வர். அங்கே சொன்ன சொல் பின்னர் நீதிமன்றிற் சாட்சியமாகாது. இவ்வொரு பாதுகாப்பே மனந்திறந்து பேசப் போதுமானது. ஆயினும் விவாகரத்து வழங்கும் அதிகாரம் அச்சபைக்குக் கிடையாது. அது மாவட்ட நீதிமன்றத்துக்கே உரியது. சபையில் அமர்பவர்களிற் சிலரும் பழைய திண்ணையின் மனப்பான்மையோடேயே வந்து, சேர்த்துவைத்த கணக்கையே பெருமையாகக் கொள்வதுண்டு. அது பயிற்சியின் குறையன்று, பழக்கத்தின் வலிமை.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்ற பதவிகள் இருக்கின்றன. நீதிமன்றங்களோடு இணைந்த குடும்ப ஆலோசகர்களும் உளர். இவர்களுள் திறமையான ஒருவர் ஒரு குடும்பத்தை எப்படி நடத்துவார் என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

கணவன் கமக்காரன். இரண்டு ஏக்கர் வயல். குளத்து நீரை நம்பிய காலபோகம், மழை மனம்வைத்தால் சிறுபோகம். மனைவி தையல் தெரிந்தவள். ஒரு பெண், ஒரு ஆண். முதல் நாளில் நடுவர் இருவரையும் ஒன்றாக அழைப்பதில்லை. தனித்தனியே கேட்பார். அவருடைய முதற் கேள்வி, "அடிப்பாரோ, பிள்ளை?" என்பது. அடிப்பவராயின் அங்கேயே மத்தியஸ்தம் நின்றுவிடவேண்டும். அச்சத்தில் இருப்பவளை அச்சமூட்டுபவனுக்கெதிரே உட்காரவைத்து, 'இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்பது மத்தியஸ்தமாகாது. அதற்கு 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கும். இவ்விடத்தில் பிழைவிட்ட நடுவர், எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், ஓர் உயிருக்குப் பொறுப்பாளியாகக்கூடும்.

வன்முறை இல்லையென்று கண்டால் அடுத்த கேள்வி: சேரும் எண்ணம் சிறிதளவாவது இருவருக்கும் உண்டா? உண்டானால் அது உளவளத்துணையின் பாதை. மாதக் கணக்கில் நடக்கும், குடிப்பழக்கத்துக்கு வைத்தியமும் அதனுட் சேரும். ஒருவருக்கு இல்லையென்றாலும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மற்றப் பாதையிற் போகவேண்டும். இரண்டையும் ஒரே நாளிற் கலப்பவர்கள் இரண்டிலும் தோற்பார்கள்.

மற்றப் பாதையில் இறங்கியபின் நடுவர் 'ஏன்' என்ற சொல்லை மறந்துவிடுவார். ஏன் போனாய், ஏன் குடித்தாய் என்பவை நீதிமன்றின் கேள்விகள். அவருடைய கேள்விகள் வேறு விதமானவை. தாபரிப்புப் பணத்தை எடுத்துக்கொள்வோம். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் மாதந்தோறும் இத்தனை ரூபாய் என்று கட்டளையிடுவார். சம்பளக்காரனுக்கு அது பொருந்தும். கமக்காரன் கையிற் புரட்டாசியில் ஒரு சதமும் இராது, அவன் தவறுவான், பிடியாணை வரும், பிள்ளையின் கண்முன்னே பொலிசார் கூட்டிச் செல்வர். நடுவரோ, "தம்பி, அரிவு வெட்டி நெல்லுக் காசு எப்ப கையில வரும்?" என்று கேட்பார். "மாசிக் கடைசியில, ஐயா" என்பான் அவன். "அப்ப மாசியில பெரிய பங்கைக் குடு. சாப்பாட்டுக்கு நெல்லாய்க் குடு. மற்ற மாசத்துக்குச் சின்னத் தொகை ஒண்டு சொல்லு, உன்னால ஏலுமானதைச் சொல்லு." மனைவியின் பக்கம் திரும்பி, "நெல்லாய்த் தந்தால் உமக்குச் சரியோ, பிள்ளை?" என்பார். இருவரும் ஒப்பினால் எழுதப்படும். இத்தகைய ஏற்பாடு, பட்டினத்து நீதிமன்றின் நெரிசலில் எவர் மனத்திலும் உதிக்கமாட்டாது.

காணி இன்னும் சிக்கலானது. சீதனம் அவளுடையது. விவாக வாழ்வில் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். அதில் இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் வன்னியிற் பெரும்பாலான வயல் அரச உத்தரவுப் பத்திரக் காணி. 'நீ பாதி, நான் பாதி' என்று தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் அத்தாள் செல்லாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் உதவியோடு எழுந்த வீடு எவர் பெயரில் இருக்கிறதென்று பார்க்கவேண்டும். மேசன் கூலி மிச்சம்பிடிக்க மனைவியே சீமெந்துக் கல் சுமந்த வீடாயிருக்கும். பத்திரத்தில் அவள் பெயர் இராது. நல்ல நடுவர் இவ்வேளையில் பேச்சை நிறுத்தி, இருவரையும் சட்ட உதவி பெற்றுவருமாறு அனுப்புவார். தெரியாததைத் தெரிந்ததுபோற் காட்டும் நடுவரைக் கண்டால் ஒதுங்கிப் போவதே உத்தமம்.

பின்னர்தான் பிள்ளைகள். எமது வாசகியின் கேள்வி இங்கே வருகிறது. யாரிடம் பிள்ளை என்று நடுவர் கேட்பதில்லை. திங்கள் காலை பள்ளிக்கு யார் சைக்கிளில் ஏற்றிச் செல்வது? காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரியில் நிற்பது? வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு இவ்வருடம் யாரோடு போவது, அடுத்த வருடம் யாரோடு? புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் ஆண்டில் சிறுவனை வேறு பள்ளிக்கு மாற்றாமல் இருக்க இயலுமா? இவ்வாறு நாட்களையும் வேலைகளையும் கூறுபோட்டுக்கொண்டே போனால், 'யாரிடம்' என்ற பெரிய கேள்வி தன் பயங்கரத்தை இழந்துவிடும். இருவரும் ஒத்த ஒழுங்கை நீதிமன்றின் முன் வைத்தால், பிள்ளையின் நலனுக்கு முரணாகாதவிடத்து நீதிபதி அதனை ஏற்பது வழக்கம்.

கலிபோர்ணியாவில் ஜூடித் வலஸ்ரைன் என்ற உளவியலாளர் 1971 முதல் 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். ஒப்பிடுவதற்குப் பிரியாத குடும்பங்களை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பின்வந்தோர் குறைகூறினர்; குறை நியாயமானதே. எனினும் 1980இல் அவரும் ஜோன் கெலியும் எழுதிய நூலில் ஒரு செய்தி உண்டு. ஐந்தாண்டு கழித்து நன்றாயிருந்த பிள்ளைகள் பெரும்பாலும், இரு பெற்றாரோடும் தொடர்ந்து உறவு கொண்டு, அவர்களிடையே சண்டை ஓய்ந்திருக்கப் பெற்ற பிள்ளைகளே.

பிள்ளையின் வாயை அடைக்கச் சொல்கிறீரா என்று மாணவ வாசகர்கள் கேட்கலாம். இல்லை. தன்னைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டென்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இலேயே அதை ஏற்றது. கருத்துச் சொல்வது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. அவுஸ்திரேலியாவில் 2006ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத் திருத்தத்தின் பின் குடும்ப உறவு நிலையங்கள் பரவலாக நிறுவப்பட்டன. அந்நாட்டில் வழங்கும் ஒரு முறையின்படி, பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையைத் தனியே கண்டு பேசுவார். 'யார் வேண்டும்' என்று கேட்கமாட்டார். இரவில் நித்திரை வருகிறதா, எப்போது பயமாயிருக்கிறது, அம்மா அப்பாவிடம் நீ சொல்ல முடியாதது என்ன என்று கேட்பார். கேட்டதைப் பிள்ளையின் சம்மதத்தோடு பெற்றாருக்கு எடுத்துரைப்பார். பிள்ளை பேசிற்று, ஆனால் எவரையும் தள்ளவில்லை.

வன்னி கண்ணகையம்மனை வணங்கும் நாடு. பெண்ணின் பொறுமைக்கு அவளையே உதாரணம் காட்டுகின்றனர். அரசவைக்குத் தனியே சென்று நியாயம் கேட்டவளும் அவளே என்பதை அவ்வேளையில் ஏனோ எவரும் நினைப்பதில்லை.

இனி அந்த மாணவிக்கு. உன் கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை, மகளே. அதைச் சொல்லும் கடமையும் உனக்கில்லை. அடுத்த முறை எவரேனும் கேட்டால், 'அது அம்மாவும் அப்பாவும் பேசித் தீர்க்கவேண்டியது. எனக்கு இருவரும் வேண்டும்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடு. மரியாதைக் குறைவு என்று எவரும் சொன்னால், இப்பத்திரிகையைக் காட்டு. உன் பாடசாலையில் வழிகாட்டல், ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பார். அவரிடம் இக்கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை அவர் அறிவார். வெட்கமாயிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். வீட்டில் அடிதடி நடந்து அம்மா அஞ்சியிருந்தால், பெண்களுக்கென 1938 என்ற இலக்கம் உண்டு. அதை அவளுக்குச் சொல்.

உன் தாயும் தந்தையும் இதைப் படிப்பார்களாயின், அவர்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வழக்குப் பத்திரம் எழுதக் கொடுப்பதற்கு முன், பிள்ளைகளைப் பேரனார் வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் ஒரு நாள் நெடுங்கேணிக்குப் போய் உளவளத்துணை உத்தியோகத்தரைக் காணுங்கள். சேர்வதற்காகப் போகவேண்டியதில்லை. தம்பியின் பள்ளியையும், திங்கள் காலையின் சைக்கிளையும், இவ்வருடப் பொங்கலையும் பற்றி மட்டும் பேசிவிட்டு வாருங்கள்.

அக்காளின் முகவரி கடிதத்தில் இல்லை. ஆகையால் இவ்விடையை இங்கேயே எழுதுகிறோம்.